கண்ட்ரோல் காலத்துக் காகிதங்கள்

கொங்கு நாட்டில் தொண்ணூறு வயதை எட்டியவர்களிடம் இரண்டாம் உலகப் போரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சற்று யோசித்துவிட்டு, ‘கண்ட்ரோல் காலத்தையா கேட்கிறீர்கள்?’ என்பார்கள். போர் எங்கோ நடந்தது. கண்ட்ரோல் வீட்டுக்குள் நடந்தது. அரிசி, சர்க்கரை, சீமெண்ணெய், வேட்டி, சேலை, தறிக்கு நூல், பஸ்ஸுக்குப் பெட்ரோல் என்று எதைத் தொட்டாலும் ஒரு சீட்டு வேண்டியிருந்த காலம் அது. நாணயமும் தபால்தலையும் சேர்ப்பவர்கள் கையில் எப்போதாவது தற்செயலாக வந்து விழுந்த அந்தச் சீட்டுகளை, அவற்றுக்காகவே தேடுகிற சிலர் இன்று கோவை, ஈரோடு, சேலம் பக்கங்களில் இருக்கிறோம். புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ரேஷன் அட்டையைத்தான் கேட்கிறார்கள். அட்டையை மட்டும் தேடினால் இந்த மண்ணின் கண்ட்ரோல் காலம் பாதிகூடக் கையில் சிக்காது. அதற்குக் காரணம் அந்தக் காலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதுவரை பர்மாவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி அத்தோடு நின்றது. ராணுவத் தேவை, பதுக்கல், ரயில் வண்டிகள் போருக்குத் திருப்பிவிடப்பட்டது எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றின. 1943இல் வங்காளத்தில் பல லட்சம் பேர் பட்டினியில் மாண்டார்கள். அதே ஆண்டு தியோடர் கிரகரி தலைமையில் அமைந்த உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் முதலில் ரேஷன் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1941 கணக்கெடுப்பில் கோயமுத்தூரும் சேலமும் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர்கள்.

கோவையின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பத்தே ஆண்டுகளில் நகரைச் சுற்றி நூற்பாலைகள் முளைத்தன. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் அதுவரை தங்கள் காட்டில் விளைந்த கம்பையும் சோளத்தையும் தின்றவர்கள். லைன் வீடுகளில் குடியேறியதும் கடையில் அளந்து வாங்கும் அரிசியை நம்பி வாழ வேண்டியதாயிற்று. மில்லில் இரவும் பகலும் சங்கு ஊதியது. போருக்குத் துணி வேண்டும். துணிக்கு நூல் வேண்டும். நூற்பவனுக்குச் சோறு வேண்டும். கோவையில் ரேஷன் என்பது ஆலை ஓடுவதோடு நேராகக் கட்டப்பட்ட விஷயம்.

கிராமத்தின் கதை வேறு. தோட்டத்து வீட்டில் குதிர் இருந்தது. அங்கே அட்டை கொடுத்து அரிசி வாங்கவேண்டிய தேவை முதலில் எழவில்லை. மாறாக, குதிரில் இருப்பதைக் கணக்குச் சொல்லும்படி கேட்டு ஆள் வந்தார். மிகுந்த தானியத்தைச் சர்க்கார் விலைக்கு ஒப்படைக்க வேண்டும். ஜில்லா எல்லையைத் தாண்டி நெல் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும். ஆக நகரத்துக்கு வந்தது பெற்றுக்கொள்ளும் காகிதம், கிராமத்துக்கு வந்தது கொடுத்துத் தீர்க்கும் காகிதம். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் முதல் முனையோடு நின்றுவிடுகிறார்கள்.

அட்டையைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேஷன் அட்டை பாதுகாக்க அச்சடிக்கப்பட்ட பொருள் அல்ல, தீர்த்துவிட அச்சடிக்கப்பட்டது. வாங்க வாங்கக் கட்டங்கள் அடிபடும். புது அட்டை வேண்டுமானால் பொதுவாகப் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படித் திரும்பிப் போனவை அலுவலகத்தில் கட்டப்பட்டுப் பின்னர் அழிக்கப்பட்டன. தப்பியவை குறைவு. பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. அங்கே 1940 ஜனவரியில் தொடங்கிய ரேஷன் 1954 ஜூலையில் இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கும்வரை நீடித்தது. ஒரே அமைச்சகம் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிப் புத்தகங்களைக் கோடிக்கணக்கில் அச்சிட்டது. அமெரிக்காவில் 1942 முதல் வந்த ரேஷன் புத்தகங்களும், 1944இல் சில்லறைக்காக வெளியிட்ட சிவப்பு, நீல வட்டில்லைகளும் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. இங்கே மாகாணத்துக்கு மாகாணம், நகரத்துக்கு நகரம் அட்டையின் வடிவம் மாறியது. தாள் மட்டம். கரையான், இராமபாணப் பூச்சி, ஐப்பசி மழையில் ஒழுகும் ஓடு ஆகிய மூன்றுக்கும் தப்பிய ஒரு தாள் எண்பது ஆண்டு கழித்து நம் கைக்கு வருவது பெரிய காரியம். வெளிநாட்டு விலைப்பட்டியலை வைத்து நம் அட்டைக்கு மதிப்புப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

இன்று சந்தைக்கு வருகிற அட்டைகளில் பெரும்பான்மை போர்க்காலத்தவையும் அல்ல. போர் 1945இல் முடிந்தது, கண்ட்ரோல் முடியவில்லை. 1946இல் நாடு முழுவதும் பற்றாக்குறை மேலும் கடுமையானது. 1947 இறுதியில் காந்தியடிகள் கட்டுப்பாடுகளை நீக்கும்படி வற்புறுத்தினார். தளர்த்தினார்கள். விலை ஏறியது. 1948இல் மறுபடியும் பிடியை இறுக்கினார்கள். கடைசியில் 1952 ஜூனில், அப்போது சென்னை முதலமைச்சராக இருந்த இராஜாஜி உணவு தானிய ரேஷனை எடுத்துவிட்டார். அந்த மாதத்தில் வீட்டில் இருந்த அட்டைகளைத் திருப்பித் தர வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்திருக்காது. பாதிக் கட்டங்கள் அடிபடாமல் அவை அப்படியே பெட்டிக்குள் தங்கியிருக்க வேண்டும். 1951, 1952 அட்டைகள் கூடுதலாகக் கிடைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான். அவற்றையும் ‘உலகப் போர் ரேஷன் கார்டு’ என்றே விற்கிறார்கள். அவை தாழ்ந்தவை என்று சொல்லவில்லை. பெயரைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. முதலில் மேலே உள்ள முத்திரை. கிரீடம் இருந்தால் 1950க்கு முந்தியது, அசோகர் தூண் சிங்கங்கள் இருந்தால் பிந்தியது. பழைய தாளைப் புதிய முத்திரையடித்துத் தீர்த்ததும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. அணா, பை கணக்கு உதவாது, அது 1957 வரை நீடித்தது. ஊர்ப் பெயர் நன்றாக உதவும். ஈரோடு, கோபி, பவானி, தாராபுரம் எல்லாம் அன்று கோயமுத்தூர் ஜில்லா. 1956 வரை கொள்ளேகாலம்கூட அதில்தான் சேர்ந்திருந்தது. திருப்பூர் பல்லடம் தாலுகாவில் இருந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் சேலம் ஜில்லா, கரூர் திருச்சி ஜில்லா. ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் 1979இல்தான் பிறந்தது. அதுவும் பெரியார் மாவட்டம் என்ற பெயரில். ஆகவே 1944 தேதியிட்ட தாளில் ‘ஈரோடு மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972இல் வந்தது. முகவரியில் அது இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது எழுத்துருவை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கும் வரை அரசு அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போல் மேலே வளைந்த பழைய வடிவத்தில்தான் வரும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் சுழித்து முடியும். போலி செய்கிறவர் தாளைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிவிடலாம், மூலையைக் கருக்கிவிடலாம். ‘விலை’ என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வார். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஈய எழுத்து தாளை அழுத்திய பள்ளம் தெரியும். கணினி அச்சில் அந்தப் பள்ளம் இருக்காது.

கையால் எழுதிய கணக்குக்கு வேறு சாவி. கிராமத்தில் இங்கிலீஷ் தேதி போடாமல் தமிழ் வருடப் பெயர் போடுவார்கள். சித்திரபானு என்றால் 1942 சித்திரையிலிருந்து 1943 பங்குனி வரை. அடுத்தது சுபானு, பிறகு தாரண, பார்த்திப. போர் பார்த்திப வருடத்தின் நடுவில் முடிந்தது. விய, சர்வசித்து என்று வந்தால் போருக்குப் பிந்தியது. நில வரி ரசீதில் பசலி எனும் வருவாய் ஆண்டின் எண் இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1353 என்பது 1943 ஜூலை முதல் 1944 ஜூன் வரை. தமிழ் எண்களையும், கால், அரை, மாகாணி என்ற பின்னக் குறிகளையும் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால், மற்றவர்கள் புரியவில்லை என்று தள்ளிவிடுகிற நோட்டுகள் உங்களுக்குப் பேசத் தொடங்கிவிடும்.

கொங்கு நாட்டுக்கே உரிய சரக்கு துணியும் நூலும்தான். 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில் துணியின் மேல் உச்ச விலையும் மாதமும் முத்திரையிடப்பட வேண்டும் என்றானது. அந்த முத்திரையோடு ஒரு துண்டுக் காடாத் துணி கிடைத்தால் அது அட்டையைவிட அரிது. துணியை யாரும் வைத்திருப்பதில்லை. உடுத்திக் கிழிந்தது கரித்துணியாகி அடுப்படியில் முடிந்தது. ஆனால் நூல் கட்டின் லேபிள்கள் தப்பியிருக்கின்றன. மில்லிலிருந்து நூல் பத்து ராத்தல் (பவுண்டு) கட்டாக வரும். நாற்பது கட்டு ஒரு பேல். கட்டின் மேல் லட்சுமியோ முருகனோ அச்சிட்ட வண்ண லேபிள் ஒட்டியிருக்கும். படம் அழகாக இருந்ததால் நெசவாளர் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள், சட்டம் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தார்கள். லேபிளில் நூலின் நம்பர் இருக்கும். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுதான் நம்பர். 20 நம்பர் என்றால் இருபது சிட்டம், 40 என்றால் நாற்பது. நம்பரைப் பார்த்தே அந்தக் கட்டு ஜமக்காளத்துக்குப் போனதா, சேலைக்குப் போனதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த லேபிள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். கோவையில் ஆலைகள் ஓய்வில்லாமல் நூற்ற அதே ஆண்டுகளில் சென்னிமலையிலும் பவானியிலும் திருச்செங்கோட்டிலும் தறிக்காரர்கள் நூலுக்கு அலைந்தார்கள். தறி எண்ணிக்கையைக் கணக்கெடுத்து அதற்கேற்ப நூல் பங்கிட்டார்கள். அந்தப் பங்கு போதவில்லை. பாவு ஓட்ட நூல் இல்லாமல் தறிக்குழி சும்மா கிடந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானால் நூல் கிடைக்கும் என்ற நம்பிக்கை பல நெசவாளர்களைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே நெசவூர்களில் ரேஷன் காகிதம் தேடுகிறவர் அரிசி அட்டையைக் கேட்காமல் சங்கப் பாஸ் புத்தகத்தையும், நூல் பெற்ற சீட்டையும், பங்குத்தொகை ரசீதையும் கேட்க வேண்டும். அந்த வீட்டின் பசியும் பிழைப்பும் அதில்தான் எழுதியிருக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் 1941இலேயே பங்கீட்டுக்குள் வந்துவிட்டது. பின்னால் கரியடுப்பு பொருத்தி, கரி வாயுவில் ஓடிய பஸ்களை முதியவர்கள் நினைவுகூர்வார்கள். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளியதையும் சொல்வார்கள். அக்காலத்துப் பஸ் டிக்கெட், பெட்ரோல் கூப்பன், லாரிப் பர்மிட் ஆகியவற்றுக்குப் பொள்ளாச்சி, கோவை பக்கத்துப் பழைய மோட்டார் குடும்பங்களைக் கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். வருகிறவர்கள் தங்கள் ரேஷனை முன்கூட்டியே அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொண்ட குறிப்போடு அந்நாளில் தமிழ்ப் பத்திரிகைகள் அச்சாகியிருக்கின்றன. விருந்துக்கு அழைத்துவிட்டு அரிசி கேட்க நேர்ந்த வீட்டாரின் மன வேதனையை நினைத்துப் பாருங்கள்.

உலோகமும் பங்கீட்டுக்குள் வந்ததால் நாணயங்களும் இந்தச் சேகரிப்பில் சேரும். 1940இல் ரூபாயின் வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து சரிபாதியாகக் குறைந்தது. அதே ஆண்டு ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. 1943 முதல் 1947 வரை செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு அடித்த ஓட்டைக் காலணா இன்றும் நம் ஊர் வீடுகளில் கிடைக்கும். சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகக் குஜராத்தின் கத்தியவார், ராஜஸ்தான் பக்கத்துச் சமஸ்தானங்கள் வெளியிட்ட சிறு அட்டைக் காசுகளை இங்கே விற்கிறார்கள். அவை அந்த மண்ணுக்குரியவை. கொங்குத் தொகுப்பில் அவற்றைக் கலக்க வேண்டாம்.

எங்கே தேடுவது என்று கேட்பார்கள். பழைய பேப்பர் கடையும் உக்கடம் பழைய புத்தகக் கடைகளும் ஒரு வழி. ஆனால் அங்கே வரும்போது காகிதம் வீட்டை இழந்துவிட்டிருக்கும். எனக்கு நல்ல பொருள்கள் கிடைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் நடந்த மளிகைக் கடை. பழைய கடைகளில் சீட்டுகளைக் கொக்கிக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். கம்பி நிரம்பியதும் கழற்றிக் கட்டி அட்டாலியில், அதாவது பரணில், போடுவார்கள். நடுவில் துருக்கறையோடு துளை உள்ள தாள் என்றால் அது அப்படிக் கம்பியில் இருந்தது. அந்தத் துளையைச் சேதம் என்று விலை குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. கம்பியில் இருந்த வரிசைதான் நாள் வரிசை, அதைக் கலைக்கவே கூடாது. இரண்டாவது இடம், பழைய மணியக்காரர், கணக்குப்பிள்ளை குடும்பங்கள். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட தாள்கள் இருக்கின்றன. தானியக் கணக்கு, கொள்முதல் நோட்டீஸ், யுத்த நிதி வசூல் ரசீது எல்லாம் அந்தக் கட்டுகளில் வரும். அரசுப் பதிவேடு என்று தெரிகிற எதையும் விலைக்கு வாங்காமல் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லிவிடுவதே முறை. பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தாலே போதும்.

கட்டைக் கலைக்கக் கூடாது என்பதை நான் இழந்து கற்றுக்கொண்டேன். கோபி பக்கத்தில் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு அட்டாலியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே கிஸ்து எனும் நில வரி ரசீதுகள், ஒரு நீள வரவு செலவு நோட்டு, கோவை மில்லில் வேலை பார்த்த மூத்த மகனின் ரேஷன் அட்டை. எனக்கு அப்போது அட்டைதான் கண்ணில் பட்டது. சில மாதங்களில் அதை வேறொரு சேகரிப்பாளரிடம் கொடுத்து, ஒரு பழைய தபால் உறையை வாங்கிக்கொண்டேன். அவர் மூலம் அது இன்னொருவரிடம் போய்விட்டது. பல வருடம் கழித்து அந்த நோட்டை வரி வரியாகப் படித்தேன். தாரண வருடம் ஐப்பசியிலிருந்து தை வரை, சில வாரங்களுக்கு ஒருமுறை, ‘மூத்தவன் வசம் கம்பு 1 வள்ளம்’, ‘மூத்தவன் வசம் சோளம் 2 வள்ளம்’ என்று எழுதியிருந்தது (வள்ளம் என்பது எங்கள் பக்கத்துத் தானிய அளவு). நகரத்தில் அட்டை வைத்திருந்தவனுக்குக் கிராமத்திலிருந்து தானியம் போயிருக்கிறது. ஊருக்கு வந்து திரும்பும்போது தோளில் சுமந்து போயிருப்பார். அட்டையில் எந்த வாரம் கட்டம் அடிபடாமல் இருந்தது, எந்த வாரம் ஊரிலிருந்து கம்பு போனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ஒரு குடும்பம் அந்த நான்கு மாதத்தை எப்படித் தாண்டியது என்பது தெரிந்திருக்கும். அரசுக் கணக்கு எதிலும் அது இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்டையை இன்றுவரை தேடுகிறேன்.

ஆகவே பெட்டி கிடைத்தால் முதல் வேலை, எதையும் எடுப்பதற்கு முன் படம் எடுப்பது. எது எதன் மேல் இருந்தது, எதற்குள் மடித்திருந்தது என்பதும் செய்தி. பிறகு மென்மையான பென்சிலால் உறையின் மேல், தாளின் மேல் அல்ல, ஊர், வீடு, கிடைத்த நாள் எழுதுங்கள். குண்டூசி, தையல் முள் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள். பசை நாடா ஒட்டாதீர்கள். போர்க்காலத் தாள் புளிப்பு மிகுந்த மட்ட ரகம். காற்றில்லாமல் மூடினால் உள்ளேயே நொறுங்கும், நாடாவின் பசை சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகி எழுத்தை விழுங்கும். அமிலமற்ற காகித உறையில், படுக்கை வாட்டில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வசம்பும் வேப்பிலையும் அலமாரியின் மூலையில் இருக்கட்டும், தாளைத் தொட வேண்டாம்.

வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு பழைய ஆவணங்களையும் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1944இன் தாள் 2019இலேயே அந்த வயதை எட்டிவிட்டது.

அட்டைகளில் குடும்பத்தலைவர் பெயர், ஆள் எண்ணிக்கை, சில சமயம் சாதி, தெரு, வீட்டு எண் எல்லாம் இருக்கும். படத்தை யாருக்கும் அனுப்பும் முன் அவற்றை மறையுங்கள், அந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். முடிந்தால் அவர்களைப் போய்ப் பாருங்கள். அட்டையைக் காட்டி, ‘அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள்?’ என்று கேளுங்கள். வரிசையில் நின்றதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். சமையலைக் கேட்டால் எந்தத் தானியத்தோடு எதைக் கலந்தார்கள், கிழங்கு எங்கே தோண்டினார்கள், யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அதை அன்றே எழுதி, தேதி போட்டு, அட்டை இருக்கும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள்.